தனியாகக் கித்தார் பழகும் பிள்ளைக்கு ஒரு தாளத் துணை

உங்கள் வீட்டில் ஒரு கித்தார் இருக்கிறதா? பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டான் என்று தீபாவளிப் போனஸ் பணத்தில் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். முதல் இரண்டு மாதம் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல் தட்டிக்கொண்டிருந்திருப்பான். இப்போது அந்தக் கித்தார் அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறதல்லவா?

அவனைச் சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். பல வீடுகளில் உண்மைக் காரணம் வேறு. தனியாக வாசித்து வாசித்துப் பிள்ளை அலுத்துப் போயிருக்கிறான்.

நம் தோட்டங்களில் இசைக்குழுக்கள் இருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் பால் வெட்டி, நிறுவை முடித்து, மாலையில் குளித்துவிட்டு இளைஞர்கள் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். ஆர்மோனியம், தபேலா, பாங்கோஸ், ஒரு பழைய கித்தார். புதிதாகப் பழகுகிறவன் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து தெரிந்த இரண்டு கோர்டுகளை மட்டும் தட்டிக்கொண்டிருப்பான். தாளம் தவறினால் தபேலாக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைதான் பாடம். அதற்குக் கட்டணம் கிடையாது.

பிறகு தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பட்டணத்தில், ஆளுக்கொரு மாடி வீட்டில் குடியேறிவிட்டார்கள். கித்தார் இருக்கிறது, கூட வாசிக்க ஆள் இல்லை.

என் அக்காள் மகன் கதையும் இதுதான். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கைப்பேசியில் பாடங்களைப் பார்த்து இரண்டு வருடம் பழகினான். விரல்கள் நன்றாக ஓடின. பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பழைய குழுவினர் ஒன்றுகூடியபோது ஆசையோடு அவர்களுடன் உட்கார்ந்தான். இரண்டாவது சரணத்தில் அரைத் தாளம் முந்திப் போனான். திரும்பிச் சேர முடியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கித்தாரைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தான். அதன்பின் ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை.

தபேலா வாசித்த பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பிக்கு விரல் கெட்டிக்கார விரல். காதுதான் யாரோடும் பழகலை."

அந்தக் காதைப் பழக்குவதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

'மைனஸ் ஒன்' நமக்குப் புதிதல்ல

பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் ஒலிக்கும் 'மைனஸ் ஒன்' நம் பாட்டுப் போட்டி மேடைகளுக்குப் பழக்கமானதுதான். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் இசைத்தட்டு நிறுவனம் 'மியூசிக் மைனஸ் ஒன்' என்றே பெயர் வைத்துக்கொண்டு, ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பதிவு செய்து விற்றது. விடுபட்ட இடத்தை வாங்கியவர் தம் வாத்தியத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும். 1971இல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவுவே என்பவர் காசு போட்டுப் பாடும் கரோக்கே பெட்டியை அமைத்தார். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம் ஒன்றே. கூட வாசிக்க ஆள் இல்லாதவனுக்கு ஒரு கூட்டம் வேண்டும்.

கித்தார்க்காரனுக்கு அந்தக் கூட்டத்தைக் காலடியில் கொண்டுவந்து வைப்பதுதான் 'லூப்பர் பெடல்'.

இந்தப் பெட்டி என்ன செய்யும்?

உள்ளங்கை அளவுள்ள சிறு பெட்டி. கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இதை இணைக்க வேண்டும். காலால் ஒரு முறை மிதித்தால் நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்யத் தொடங்கும். மறுமுறை மிதித்தால் பதிவானது முதலிலிருந்து ஒலிக்கும். முடிந்ததும் திரும்ப முதலுக்கே போகும். நிறுத்தும்வரை செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாம் முறை மிதித்தால் அதன்மேல் இன்னொரு வாசிப்பைப் பதியலாம். நிறுத்தவும் அழிக்கவும் மிதிக்கும் முறை மாதிரிக்கு மாதிரி சற்று மாறும். கூட வரும் குறிப்புத் தாளில் அது இருக்கும்.

இவற்றில் சிலவற்றில் நாம் வாசித்ததை மட்டுமின்றி, ஏற்கெனவே தயாரித்த பின்னணி இசையையும் கணினியிலிருந்து ஏற்றி வைத்துக்கொள்ளலாம். அப்போது தபேலாவும் டிரம்ஸும் பேஸ் கித்தாரும் பெட்டிக்குள் காத்திருக்கும். நீங்கள் மிதித்தால் எழும், நிறுத்தினால் அடங்கும். இரண்டு கையும் கித்தாரிலேயே இருக்கலாம். பயிற்சிக்கு நடுவே கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எல்லாப் பெட்டியும் வெளி இசையை ஏற்றிக்கொள்ளாது. 'பாஸ்' என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளையே பாருங்கள். ஆர்.சி.1 என்பது 12 நிமிடம் பதியும். ஆனால் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. துளை அதில் இல்லை. ஆர்.சி.5 என்பதில் 99 எண்களில் தனித்தனியாகச் சேமிக்கலாம். மொத்தம் ஏறக்குறைய 13 மணி நேரம் கொள்ளும். கணினியிலிருந்து ஏற்றவும் முடியும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

துளை இருப்பதைக் கண்டு ஏமாறவும் வேண்டாம். சில பெட்டிகளில் அந்தத் துளை, பெட்டியின் உள் மென்பொருளைப் புதுப்பிக்க மட்டுமே பயன்படும். ஆகவே கடைக்காரரிடம், "கணினியிலிருந்து பாட்டை இதற்குள் ஏற்ற முடியுமா? எத்தனை பாட்டுச் சேமிக்கலாம்?" என்று இரண்டு கேள்வியையும் நேராகக் கேளுங்கள். விலை குறைந்த பெட்டியும் உண்டு; மாதச் சம்பளத்தையே விழுங்கும் பெட்டியும் உண்டு. பயிற்சிக்குச் சிறியதே போதும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டர். அதன் முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பல அடாப்டர்களில் இது நேர்மாறாக இருக்கும். முனை பொருந்துகிறதே என்று செருகினால் பெட்டி கெட்டுப்போகலாம். பெட்டியின் மேல் உள்ள படத்தையும் அடாப்டரில் உள்ள படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இசையை ஏற்றும் முறை

முதலில் கோப்பின் வகை. கைப்பேசியில் நாம் கேட்கும் பாட்டுகள் பெரும்பாலும் எம்.பி.3 போன்ற சுருக்கிய கோப்புகள். லூப்பர்கள் பெரும்பாலும் கேட்பது 'வேவ்' கோப்பு. பெயரின் கடைசியில் டபிள்யூ.ஏ.வி. என்ற மூன்று எழுத்து இருக்கும். சிலர் எம்.பி.3 கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பெட்டி ஏற்கவில்லையே என்று வருந்துவார்கள். பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. 'ஆடாசிட்டி' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாட்டைத் திறந்து, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். இந்த அளவை ஏற்காத லூப்பர் அரிது. ஆனாலும் குறிப்புத் தாளைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வகையில் ஒரு நிமிட இசை ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு 40 மெகாபைட்.

அடுத்தது இணைப்பு. சில கைப்பேசி வயர்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், கோப்புகளைக் கடத்தாது. பெட்டியைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். இணைந்ததும் சில பெட்டிகள் பென்டிரைவ் போலவே கணினியில் தெரியும். உள்ளே எண்ணிட்ட உறைகள் இருக்கும். ஓர் எண்ணுக்கு ஒரு கோப்பு என்று போட வேண்டும். வேறு சில பெட்டிகளுக்கு அந்த நிறுவனமே தரும் மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற முடியும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமாக வையுங்கள். ஏறி முடியும் முன்பு வயரைப் பிடுங்காதீர்கள். கணினியில் முறைப்படி விடுவித்துவிட்டு எடுங்கள்.

வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது

முழுப் பாட்டையும் ஏற்றுவதைவிட, ஒரு பல்லவியையோ ஒரு சரணத்தையோ வெட்டி ஏற்றித் திரும்பத் திரும்பப் பழகுவதே பயன் தரும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

கணக்கு எளியது. நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு முக்கால் விநாடி. நான்கு தட்டுச் சேர்ந்தது ஒரு 'பார்'. அது 3 விநாடி. எட்டுப் பார் என்றால் சரியாக 24 விநாடி. மூன்று எண்ணிக்கை நடையில், நிமிடத்துக்கு 90 தட்டு என்றால் ஒரு பார் 2 விநாடி; எட்டுப் பார் 16 விநாடி. நீங்கள் வெட்டிய துண்டு 24 விநாடிக்குப் பதில் 23.9 விநாடி இருந்தால் என்ன ஆகும்? பத்தில் ஒரு பங்கு விநாடிதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாளம் ஒரு சிறு குழியில் விழுந்து எழும். பிள்ளையின் காலும் அதோடு சேர்ந்து தடுக்கும். நாள்தோறும் அப்படிப் பழகினால் தவறே பழக்கமாகிவிடும்.

ஆகவே முதல் தட்டின் ஒலி எழும் இடத்துக்கு மயிரிழை முன்னால் வெட்டைத் தொடங்குங்கள். முடிவில், கடைசித் தட்டோடு வெட்டிவிடாதீர்கள். அடுத்த சுற்றின் முதல் தட்டு எழப்போகும் இடம்வரை விட்டு வெட்டுங்கள். ஒலி அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் 'டிக்' என்ற சத்தம் கேட்காது. ஆடாசிட்டியில் அந்த இடத்தைத் தேடித் தரவே ஒரு வசதி உண்டு. மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். எம்.பி.3 ஆகச் சுருக்கும்போது கோப்பின் முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் சேர்ந்துவிடும். ஆதலால் முதலில் வேவ் ஆக்கிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டியதை மறுபடி எம்.பி.3 ஆக்காதீர்கள்.

பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த பாட்டானால் சுருதி கித்தாரோடு சேராமல் இரண்டு சுரத்துக்கு நடுவே நிற்கலாம். ஒலிநாடா சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடியதன் விளைவு அது. பிள்ளையின் காதில் குறை இல்லை. கணினியில் பாட்டின் வேகத்தைச் சிறிது மாற்றிச் சுருதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கணினி இல்லாத வீட்டில்

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். கைப்பேசியின் காதொலித் துளையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து லூப்பரின் கித்தார் துளையில் செருகி, பாட்டை ஓட்டி, காலால் மிதித்துப் பதிந்துகொள்ளலாம். சத்தத்தை முதலில் மிகக் குறைவாக வைத்துப் பிறகு சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மிஞ்சினால் பதிவு கரகரக்கும். சிறிய லூப்பர்களில் கித்தாருக்கு ஒற்றை ஒலித்துளைதான் இருக்கும். அதனால் பாட்டின் ஒரு பக்கத்து வாத்தியங்கள் காணாமல் போகலாம். கைப்பேசி அமைப்பில் 'மோனோ' என்பதைத் தேர்ந்துகொண்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியம்மாவின் அழைப்பு மணியும் பாட்டோடு பதிவாகி ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும்!

சத்தம், அண்டை வீடு

கித்தார் ஒலிபெருக்கி கித்தாருக்காகச் செய்யப்பட்டது. அதில் தாளக்கருவிகளின் கூர்மையான ஒலி மங்கிக் கேட்கும். அதைக் கண்டு பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். கரகரப்பு ஒலி தரும் பெடல் இருந்தால் அதை லூப்பருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் தபேலாவும் சேர்ந்து கரகரக்கும். ஒலிபெருக்கியையும் தெளிவான ஒலியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி இசை கித்தாரைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கட்டும். உரக்க வைத்தால் தன் தவறு தனக்கே கேட்காது. ஷிப்டு வேலை செய்பவர்கள் பகலில் உறங்கும் அண்டை வீடுகளை மறந்துவிடாதீர்கள். காதொலிக் கருவி செருகும் வசதி பெட்டியில் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் பழகுவது?

முதல் நாள் கித்தாரைத் தொடவே வேண்டாம். இசையை ஓடவிட்டுக் கையால் தாளம் போடட்டும். மறுநாள் ஒரே கோர்டை, பார் ஒன்றுக்கு ஒரு முறை, முதல் தட்டில் மட்டும் தட்டட்டும். அது சரியாக விழுந்தபின் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

ஒரே துண்டை மூன்று வேகத்தில் தயாரித்து மூன்று எண்ணில் ஏற்றுங்கள். 80 தட்டுப் பாட்டானால் முதலாவதில் 60, இரண்டாவதில் 70, மூன்றாவதில் 80. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி ஆடாசிட்டியில் இருக்கிறது. 60இல் ஐந்து சுற்றுத் தவறில்லாமல் வாசித்தபின்தான் 70க்குப் போக வேண்டும்.

பிறகு ஒரு சோதனை. நான்கு பார் தாளம், இரண்டு பார் மௌனம் என்று ஒரு துண்டு செய்து ஏற்றுங்கள். மௌனத்திலும் பிள்ளை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். தாளம் திரும்பி வரும்போது அவன் கை அதோடு சேர்ந்து விழுகிறதா? விழுந்தால் தாளம் பெட்டியிலிருந்து பிள்ளையின் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

பெட்டி செய்யாத காரியம்

என் அக்காள் மகனுக்கு இந்தப் பெட்டி கிடைத்ததும் நான் அவனை அந்தத் தபேலாப் பெரியவர் வீட்டுக்கே அழைத்துச் சென்றேன். அவரும் இப்போது மகனோடு மாடி வீட்டில்தான் இருக்கிறார். தபேலா கட்டிலுக்கடியில் துணி சுற்றிக் கிடந்தது. எடுத்துத் துடைத்து, கித்தார் சுருதிக்குக் கூட்டி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கைப்பேசியை மூன்றடி தள்ளி வைத்துப் பதினைந்து நிமிடம் அவர் வாசித்ததைப் பதிந்தோம். மனிதர் வாசித்த தாளம் கடிகாரக் கணக்குக்கு அப்படியே அடங்கவில்லை. ஆகவே காதால் கேட்டுக் கேட்டு நல்ல எட்டுச் சுற்றைத் தேர்ந்து வெட்டினான் பையன். அந்த ஒரு வெட்டுக்கு இரண்டு இரவு ஆயிற்று. அந்த இரண்டு இரவில் அவன் கற்ற தாளம் அதற்குமுன் இரண்டு வருடத்தில் கற்றதைவிட அதிகம் என்பேன்.

மறு வருடத் திருவிழாவில் மீண்டும் அதே குழுவோடு உட்கார்ந்தான். இந்த முறை அரைத் தாளமும் தவறவில்லை. ஆனால் ஓரிடத்தில் பாடிய பெண் ஒரு வரியைச் சற்று நீட்டினாள். பெரியவர் அவளுக்காகக் கையை நிறுத்திக் காத்தார். பையனோ பெட்டியோடு பழகிய பழக்கத்தில் நிற்காமல் போனான். உடனே தலையைத் தூக்கிப் பெரியவர் கையைப் பார்த்தான், நின்றான், சேர்ந்துகொண்டான். போன வருடம் அவனுக்கு முடியாமல் போனது அதுதான்.

கச்சேரி முடிந்ததும் பெரியவர் அவன் தோளைத் தட்டி, "பெட்டி யாருக்கும் காத்திருக்காது, தம்பி. மனுஷன்தான் காத்திருப்பான். ரெண்டும் உனக்குத் தெரியணும்" என்றார்.

பெற்றோர்களே! அலமாரிமேல் இருக்கும் கித்தாரை இன்று கீழே இறக்குங்கள். பெட்டி வாங்க வசதி இருந்தால் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியில் பின்னணி இசையை ஓடவிட்டும் பழகலாம். கூடவே, உங்கள் பழைய தோட்டத்தில் தபேலாவோ உறுமியோ வாசித்த பெரியவர் யாராவது இப்போது எந்த மாடி வீட்டில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் கைத்தாளத்தை ஒரு பதினைந்து நிமிடம் பதிந்து வாருங்கள்.

கடையில் கிடைக்காத பின்னணி இசை அது. அவர் இருக்கும்போதே பதிந்துகொள்ளுங்கள்.